10-க்கு 12 ஹாலை ஏஐ, ஏஆர் கொண்டு மாற்றி அமைப்பது: முழுமையான வழிகாட்டி

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்துச் சிறிய வீடுகளை மனதில் வைத்து எழுதியது இது. ஒரே ஹால். அதில் கட்டில், பீரோ, பிரிட்ஜ், பிள்ளைகள் படிக்கும் இடம், தண்ணீர் டிரம் எல்லாம் இருக்க வேண்டும். சுவரை இடிக்க முடியாது, வாடகை வீடென்றால் ஆணி அடிக்கவே கேட்க வேண்டும். இந்த நிலைமையில் எதை எங்கே வைப்பது என்பதை, காசு செலவழிக்கும் முன்பே போனில் பார்த்துவிடலாம்.

புதிதாக முயல்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஹாலைப் போட்டோ எடுத்து ஏஐயிடம் கொடுத்து, அழகான படம் ஒன்றை வாங்கி, நேராக ஆசாரியிடம் காட்டிவிடுகிறார்கள். படத்தில் இருக்கும் ஹால் அவர்கள் ஹால் இல்லை என்பது பிளைவுட் அறுத்த பிறகுதான் தெரிகிறது. ஏஐ யோசனை சொல்லும், ஆனால் அதற்கு உங்கள் அறையின் அளவு பிடிபடாது. ஏஆர் என்பது போன் கேமராவில் தெரியும் அறைக்குள், அங்கே இல்லாத பொருளையும் இருப்பது போல் காட்டும் வசதி. அது ஒரு பொருளை நிஜ அளவில் உங்கள் தரையில் நிறுத்திக் காட்டும், ஆனால் அதற்கு யோசனை சொல்லத் தெரியாது. இரண்டையும் சரியான வரிசையில் பயன்படுத்தினால்தான் வேலை நடக்கும். டேப் அளவு முதலில், ஏஐ அடுத்து, ஏஆர் அதற்கும் அடுத்து, தரையில் சாக்பீஸ் கோடு கடைசியில்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஏஆர் வேலை செய்யும் போன் ஒன்று வேண்டும். ஆண்ட்ராய்டு என்றால் பிளே ஸ்டோரில் ‘கூகுள் பிளே சர்வீசஸ் ஃபார் ஏஆர்’ என்று தேடுங்கள். உங்கள் போனுக்கு ஒத்துவராது என்று காட்டினால் அதோடு விட்டுவிடுங்கள். விலை குறைந்த பல போன்களில் ஜைரோஸ்கோப் இருக்காது, அது இல்லாமல் போன் தான் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கணிக்க முடியாது. வேறு ஏஆர் செயலி தேடி இறக்குவதில் பயனில்லை. 4, 9, 10-வது படிகளுக்கு மட்டும் தெரிந்தவர் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டால் போதும்.

ஐபோன்களில் இந்த வசதி 2017 முதலே இருக்கிறது. 2020-ல் வந்த 12 புரோ முதலான புரோ மாடல்களில் லைடார் சென்சார் உண்டு. அது லேசர் ஒளியை அனுப்பித் திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும், ஏறக்குறைய 5 மீட்டர் வரை எட்டும். சிறிய ஹாலுக்குத் தாராளம். ஆனால் இந்த வழிகாட்டிக்கு லைடார் கட்டாயம் இல்லை.

அப்புறம் 5 மீட்டர் இரும்பு டேப், சாக்பீஸ், பழைய செய்தித்தாள், மாஸ்கிங் டேப், கோடு போட்ட நோட்டு. ஒரு லேப்டாப்பும் வேண்டும். அரசு கொடுத்த பழைய லேப்டாப் ஓடினாலும் சரி. அளக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடிக்க இன்னொருவர் அவசியம்.

2. அறையைத் தயார் செய்வது

ஏஆர் எப்படி இடத்தைப் புரிந்துகொள்கிறது என்று தெரிந்தால் இந்தப் படியின் காரணம் விளங்கும். கேமராவில் தெரியும் மூலைகள், புள்ளிகள், கறைகள் போன்ற அடையாளங்களைப் பிடித்துக்கொண்டு, போன் நகர நகர அவை எப்படி நகர்கின்றன என்று பார்க்கிறது. அதோடு போனுக்குள் இருக்கும் அசைவு சென்சார்களின் கணக்கையும் சேர்த்துத் தரை எங்கே, சுவர் எங்கே என்று முடிவு செய்கிறது. பிடித்துக்கொள்ள அடையாளமே இல்லாத இடத்தில் அது தடுமாறும்.

பழைய வீட்டு மொசைக் தரை இதற்கு அருமையானது, சில்லு சில்லாக ஆயிரம் புள்ளிகள் கிடைக்கும். மாறாகச் சிவப்பு ஆக்சைடு தரையும் பளபளக்கும் வெள்ளை டைல்ஸும் தொல்லை. அங்கே செய்தித்தாளை ஐந்தாறு இடங்களில் விரித்து ஓரத்தை மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிடுங்கள். வெறும் சுவரிலும் இரண்டு தாள் ஒட்டலாம்.

பீரோ கண்ணாடியைப் போர்வை போட்டு மூடுங்கள். கண்ணாடிக்குள் தெரியும் அறையையும் போன் நிஜம் என்று நம்பி, சுவருக்குப் பின்னால் இன்னொரு ஹால் இருப்பதாகக் கணக்குப் போடும். கொடியில் காயும் துணியை எடுத்துவிடுங்கள், காற்றில் ஆடும் எதுவும் கணக்கைக் குழப்பும். வெளிச்சத்துக்குக் காலை நேரத்தில் ஜன்னல், கதவு எல்லாம் திறந்துவைத்துச் செய்வது நல்லது. ஒரே ஒரு டியூப் லைட்டை நம்பி ராத்திரியில் செய்ய வேண்டாம்.

3. டேப் பிடித்து அளப்பது

போன்தான் அளக்குமே, டேப் எதற்கு என்று இந்தப் படியைத் தாண்டிப் போகிறார்கள். 10 அடிச் சுவரில் போன் ஓரிரு அங்குலம் தவறுவது சகஜம். நம் ஹாலில் பீரோ நுழைவதும் நுழையாததும் அந்த ஓரிரு அங்குலத்தில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு சுவரையும் தரையோரம், இடுப்புயரம், தலையுயரம் என மூன்று இடத்தில் அளந்து குறைந்த அளவை மட்டும் எழுதுங்கள். பழைய வீட்டுச் சுவரில் பூச்சு ஓரிடம் புடைத்திருக்கும், ஓரிடம் உள்வாங்கியிருக்கும். பொருள் இடிப்பது குறைந்த அளவில்தான்.

பிறகு மூலைக்கு மூலை, இரண்டு குறுக்களவும் எடுங்கள். 10-க்கு 12 அறை சரியான மூலைமட்டத்தில் இருந்தால் இரண்டும் ஏறக்குறைய 15 அடி 7½ அங்குலம் வரும். ஒன்று கூடியும் ஒன்று குறைந்தும் வந்தால் அறை கோணல். கோணல் அறையில் மூலையோடு மூலையாக ஒட்டி வைக்கும் எதற்கும் இரண்டு அங்குலம் கூடுதலாக விடுங்கள்.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, நிலையின் அகலம், ஜன்னலின் அடிமட்ட உயரம், ஸ்விட்ச் போர்டும் பிளக் பாயின்ட்டும் தரையிலிருந்து எத்தனை அங்குலம், பீம் எங்கே இறங்குகிறது, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாடிப்படியையும் அளக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் யாரும் செய்வதில்லை. பழைய வண்ணாரப்பேட்டைப் போர்ஷன் வீடுகளில் படிக்கட்டு குறுகலாக இருக்கும், திருப்பத்தில் இன்னும் குறுகும். சாதாரண இரும்பு பீரோ ஏறக்குறைய 6½ அடி உயரம், 3 அடி அகலம், 1½ அடி ஆழம். ஹாலில் இடம் இருந்தும் திருப்பத்தில் மாட்டிக்கொண்டால் என்ன பயன்? படிக்கட்டின் அகலம், திருப்பத்தில் நிற்க இருக்கும் இடம், தலைக்கு மேல் உள்ள உயரம் மூன்றும் நோட்டில் இருக்கட்டும்.

4. போன் எவ்வளவு தவறுகிறது என்று பார்த்துவைப்பது

ஏஆர் அளவுச் செயலி எதையாவது திறந்து, போனை மார்பளவில் பிடித்துக்கொண்டு அறையை மெதுவாகச் சுற்றி நடங்கள். நின்ற இடத்திலேயே போனை மட்டும் திருப்பக் கூடாது. நீங்கள் இடம் மாறினால்தான் கிட்ட இருப்பது வேகமாகவும் தள்ளி இருப்பது மெதுவாகவும் நகரும். அந்த வித்தியாசத்தில் இருந்துதான் போன் தூரத்தைக் கண்டுபிடிக்கிறது.

இப்போது டேப்பால் அளந்த ஒரு சுவரைப் போனால் அளந்து பாருங்கள். வித்தியாசம் எவ்வளவு என்று நோட்டில் எழுதுங்கள். உங்கள் போன் உங்கள் அறையில் எவ்வளவு நம்பத்தக்கது என்பது இதுதான். 9-வது படியில் ‘நுழைகிறது’ என்று தெரியும்போது இந்த வித்தியாசத்தைவிடக் கூடுதலாக இடைவெளி இருந்தால்தான் நம்பலாம்.

5. வெள்ளக் கோட்டைப் போடுவது

தரைத்தள வீடு என்றால் இதுதான் மிக முக்கியமான படி. மற்ற வழிகாட்டிகளில் பெரும்பாலும் இருக்காது, ஏஐ தானாகக் கேட்பதும் அரிது. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நம் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்தக் கறை சில வீட்டுச் சுவர்களில் சுண்ணாம்புக்கு அடியில் இன்னும் தெரியும். வீட்டுக்குப் புதிதாக வந்தவர் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டால் முழங்காலா இடுப்பா என்று சொல்லிவிடுவார்.

அந்த உயரத்தைச் சுவரைச் சுற்றி மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். தரையிலிருந்து டேப் வைத்து ஒவ்வோர் இடத்திலும் அளந்து ஒட்டக் கூடாது. கழுவிவிட வாட்டமாகத் தரை ஒரு பக்கம் சரிந்திருக்கும், தண்ணீரோ மட்டமாக நிற்கும். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் ஊற்றிய டியூப் லெவலைக் கேட்டு வாங்கி, ஓர் இடத்தில் குறித்த உயரத்தை மற்றச் சுவர்களுக்கு மாற்றுங்கள். ஹாலின் எந்த மூலை ஆழம் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

6. ஏஐயிடம் முதலில் எழுத்தில் கேட்பது

இப்போதுதான் ஏஐ. ஜெமினி, சாட்ஜிபிடி இரண்டுக்குமே தமிழில் எழுதினால் புரியும். படம் கேட்காதீர்கள். அளவுகளையும் நிபந்தனைகளையும் கொடுத்து, மூன்று விதமான அமைப்பை வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். எழுத்தில் இருந்தால் கூட்டிக் கழித்துச் சரிபார்க்கலாம். படத்தில் அது முடியாது.

இப்படி எழுதலாம்:

“என் ஹால் வடக்கு தெற்காக 12 அடி நீளம், கிழக்கு மேற்காக 10 அடி அகலம், 9 அடி உயரம். தெற்குச் சுவரின் கிழக்கு ஓரத்தில் வாசற்கதவு, உள்பக்கம் திறக்கும். கிழக்குச் சுவர் நடுவில் 4 அடி ஜன்னல். ஸ்விட்ச் போர்டு மேற்குச் சுவரில், வடக்கு மூலையிலிருந்து 2 அடி தள்ளி. உள்ளே இருக்க வேண்டியவை: 6¼ அடிக்கு 4 அடி கட்டில், பீரோ, பிரிட்ஜ், இரண்டு பிள்ளைகள் படிக்கும் மேசை, 200 லிட்டர் தண்ணீர் டிரம். இரவில் மூன்று பேர் தரையில் பாய் விரித்துப் படுப்பார்கள். வெள்ளம் வந்தால் 2 அடி வரை தண்ணீர் ஏறும். கடல் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது. பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியாக அமைப்பு சொல். ஒவ்வொரு சுவரிலும் வைக்கும் பொருள்களின் அகலத்தைக் கூட்டிக் காட்டு. கதவுகள் திறக்க எவ்வளவு இடம் விட்டாய் என்றும் சொல்.”

இரவு அமைப்பைத் தனியாகக் கேட்பது அவசியம். நம் வீட்டில் ஹால்தான் ராத்திரி படுக்கையறை. ஏஐ பார்த்துப் பழகிய வீடுகளில் அதற்கென்று தனி அறை இருக்கும், அதனால் பாய் விரிக்க இடம் வேண்டும் என்பது அதற்குத் தோன்றாது. ஒரு பாய்க்கு 6 அடிக்கு 2½ அடி என்று நீங்களே சொல்லிவிடுங்கள். தண்ணீர் டிரம்முக்கும் இதே கதைதான். சொல்லாவிட்டால் அந்த மூலையில் தொட்டிச் செடி வைக்கச் சொல்லும்.

வந்த கணக்கை நோட்டில் நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள். உதாரணமாக, 12 அடி மேற்குச் சுவரில் கட்டில் 6 அடி 3 அங்குலம், பீரோ 3 அடி, பிரிட்ஜ் 2 அடி, ஆக 11 அடி 3 அங்குலம், 9 அங்குலம் மிச்சம் என்று சொல்லும். கூட்டல் சரி. ஆனால் ஸ்விட்ச் போர்டு பீரோவுக்குப் பின்னால் போய்விட்டதா? கட்டிலுக்கு முன்னால் பீரோ கதவு திறக்குமா? பிரிட்ஜுக்குப் பின்னால் காற்றுப் போக இடம் இருக்கிறதா? இந்த மூன்றையும் திருப்பிக் கேளுங்கள். ஏஐ மன்னிப்புக் கேட்டு வேறு அமைப்பு சொல்லும், அதையும் இதே போல் சோதியுங்கள். நான்கைந்து சுற்றுப் பேசினால்தான் உருப்படியாக ஒன்று கிடைக்கும்.

7. நிறத்துக்கு மட்டும் படம்

எழுத்தில் அமைப்பு முடிவானதும், ஹாலின் போட்டோவைக் கொடுத்துப் படம் கேட்கலாம். அனுப்பும் முன் சுவரில் மாட்டிய பள்ளி அட்டவணை, மேசைமேல் கிடக்கும் ரேஷன் கார்டு, ஆதார், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் போட்டோ எடுங்கள். பிள்ளைகளும் அதில் இருக்க வேண்டாம்.

படத்தைச் சுவர் நிறம், திரைச்சீலை, விளக்கு வெளிச்சம் இவற்றுக்கு மட்டுமே நம்புங்கள். ஏஐ படம் அறையை அகலமாக்கும், ஜன்னலை நகர்த்தும், பீமை அழித்துவிடும். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து ஜன்னல், கதவு, ஸ்விட்ச் போர்டு மூன்றும் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றும் வசதி இருந்தால் சுவரை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்பது நல்லது, மற்றவை பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

8. நிஜ அளவில் பெட்டிகள் செய்வது

ஏஆரில் நிறுத்திப் பார்க்க அழகான பீரோ 3டி மாடல் தேடி அலைய வேண்டாம். பொருளின் அளவில் கணினியில் செய்த வெறும் பெட்டி போதும். அளவு சரியாக இருப்பதுதான் முக்கியம், இணையத்தில் கிடைக்கும் மாடல்களின் அளவை நம்ப முடியாது.

லேப்டாப்பில் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளை நிறுவுங்கள், இலவசம். பழைய லேப்டாப் என்றால் அதில் ஓடும் பழைய பதிப்பைப் போடலாம், ஆனால் கீழே சொல்லும் கோப்பு வடிவத்தில் அது சேமிக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெட்டி செய்யத் தெரியாவிட்டாலும் கவலையில்லை. “இந்த அளவுகளில் பெட்டிகள் செய்யும் பைத்தான் ஸ்கிரிப்ட் பிளெண்டருக்கு எழுதிக் கொடு, அளவு மீட்டரில் இருக்கட்டும்” என்று ஏஐயிடம் கேட்டால் எழுதித் தரும். அந்தச் சிறு நிரலைப் பிளெண்டருக்குள் ஓடவிட்டால் பெட்டிகள் வந்துவிடும். போனுக்காக ஏற்றுமதி செய்யும் கோப்பு மீட்டர் கணக்கில்தான் போகும் என்பதால் மீட்டர். ஒரு அடி 0.3048 மீட்டர். பீரோ 0.914 அகலம், 0.457 ஆழம், 1.981 உயரம்.

இங்கே இரண்டு தவறு அடிக்கடி நடக்கும். பிளெண்டர் திறந்ததும் நடுவில் 2 மீட்டர் கனசதுரம் ஒன்று தானாக நிற்கும். அதை அழிக்காமல் ஏற்றுமதி செய்தால் ஹாலை அடைத்துக்கொண்டு அதுவும் வந்து நிற்கும். இரண்டாவது, ஸ்கிரிப்டும் அந்த 2 மீட்டர் கனசதுரத்தில் இருந்தே தொடங்கினால் எல்லாப் பெட்டியும் இரண்டு மடங்காகிவிடும். பெட்டியைத் தேர்ந்தெடுத்து ‘என்’ (N) பொத்தானை அழுத்தினால் பக்கத்தில் அளவு தெரியும், ஒவ்வொன்றையும் பாருங்கள்.

பொருள்களோடு, பாய்க்குத் தட்டையான பெட்டி மூன்று செய்யுங்கள். பீரோ கதவு திறக்க வேண்டிய இடத்துக்கும் தனிப் பெட்டி, வேறு நிறத்தில். அப்புறம் 12 அடிக்கு 10 அடியில், 2 அடி உயரத்தில், நீல நிறத்தில் ஒரு மெல்லிய தகடு. அதுதான் வெள்ளம்.

ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக ஆண்ட்ராய்டுக்கு ஜிஎல்பி (.glb) வடிவத்திலும் ஐபோனுக்கு யூஎஸ்டிஇசட் (.usdz) வடிவத்திலும் சேமியுங்கள். முடிவான அமைப்பை மொத்தமாகவும் ஒரு கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஐபோனில் கோப்பைத் தொட்டாலே ஏஆரில் திறக்கும். ஆண்ட்ராய்டில் ஜிஎல்பி திறக்கும் ஏஆர் வியூவர் செயலி ஒன்று தேவைப்படும்.

9. ஹாலில் நிறுத்திப் பார்ப்பது

முதலில் பீரோ பெட்டியை மட்டும் காலி இடத்தில் நிறுத்துங்கள். அதன் அடியோரத்தில் தரைமேல் நிஜ டேப்பை விரியுங்கள். திரையில் பெட்டியின் இரு ஓரமும் டேப்பில் 3 அடி காட்டினால் சரி. காட்டாவிட்டால் விரல் பட்டு அளவு மாறியிருக்கும். 100 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்தச் சோதனை இல்லாமல் அடுத்த பெட்டிக்குப் போக வேண்டாம்.

பெட்டி எங்கே நிற்கிறது என்பதை அதன் அடியோரத்தை வைத்தே முடிவு செய்யுங்கள். பல போன்களில் முன்னால் நிற்கும் ஆளின்மேல்கூடப் பெட்டி வரையப்படும், அதனால் பெட்டி முன்னால் இருப்பது போல் ஏமாற்றும். சுவரோரக் கோடும் பெட்டியின் அடிக்கோடும் சேர்கின்றனவா என்பதுதான் கேள்வி.

பிறகு வீட்டில் உள்ள எல்லோரையும் கூப்பிடுங்கள். யார் எந்த வேலை செய்வாரோ அவர் கையில் போனைக் கொடுத்து, அந்த வேலையைச் செய்வது போல் நடக்கச் சொல்லுங்கள். “பீரோவ அங்க வெச்சா நான் எங்க உக்காந்து துணி மடிக்கிறது கண்ணு?” என்று அம்மா கேட்கும் கேள்வி ஏஐயிடமிருந்து வராது. அதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும். பகல் அமைப்பு முடிந்ததும் இரவு அமைப்பைப் போட்டு, பாயைத் தாண்டிக் கழிவறைக்குப் போக முடிகிறதா என்று நடந்து பாருங்கள். பாட்டியோ தாத்தாவோ இருந்தால் அவர்கள் நடையில், அவர்கள் வேகத்தில்.

கடைசியாக நீலத் தகடு. சுவரில் ஒட்டிய மாஸ்கிங் டேப்போடு அது ஒன்றிப் போகும்படி நிறுத்துங்கள். பிள்ளைகளின் புத்தகத் தட்டு, வீட்டுப் பத்திரங்கள் வைக்கும் பீரோவின் கீழ்த்தட்டு, பிரிட்ஜின் பிளக், எது எது அதற்குக் கீழே போகிறது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். வார்த்தையில் சொன்னால் ‘பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறவர்கள்கூட, தங்கள் கட்டில்மேல் அந்த நீலம் ஏறி நிற்பதைப் பார்த்ததும் பத்திரங்களை மேல்தட்டுக்கு மாற்றுகிறார்கள். பொருள்களை மாற்றி அடுக்க ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

வெயில் காலத்தில் ஏஆர் ஓடினால் போன் சீக்கிரம் சூடாகும், சூடானால் பெட்டிகள் நழுவத் தொடங்கும். கொஞ்சம் ஆறவிட்டுத் தொடருங்கள்.

10. சாக்பீஸ் கோடு

செயலியை மூடினால் பெட்டி எங்கே நின்றது என்பதைப் போன் பெரும்பாலும் மறந்துவிடும். ஆகவே பெட்டி நிற்கும்போதே இன்னொருவர் அதன் நான்கு மூலையையும் தரையில் சாக்பீஸால் குறிக்கட்டும். பிறகு டேப் வைத்து அளவைச் சரிசெய்து கோடு இழுங்கள்.

அந்தக் கோட்டோடு ஒரு வாரம் இருந்து பாருங்கள். சமையல், படிப்பு, விருந்தாளி, தண்ணீர் பிடிப்பது, பாய் விரிப்பது எல்லாம் நடக்கட்டும். கோட்டை யாராவது திரும்பத் திரும்ப மிதித்தால் அந்த இடம் நடைபாதை. அங்கே பொருள் வைக்கக் கூடாது.

11. ஆசாரியிடம் கொடுப்பது

ஏஐ படத்தை ஆசாரியிடம் கொடுக்காதீர்கள். டேப் அளவு எழுதிய காகிதத்தைக் கொடுங்கள், படத்தை நிறம் காட்ட மட்டும் நீட்டுங்கள். பிளைவுட் 8-க்கு 4 அடித் தாளாக வரும். அலமாரியின் ஆழத்தை 16 அங்குலமாக வைத்தால் 4 அடியில் மூன்று பட்டை என்று கணக்கு வரும், ஆனால் ரம்பம் தின்னும் அளவு போக மூன்றும் கிடைக்காது. 15¾ அங்குலம் என்று வையுங்கள் என்று அவரே சொல்வார், கேளுங்கள்.

வெள்ளக் கோட்டுக்குக் கீழே பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம், தண்ணீர் குடித்தால் ஊதி உதிர்ந்துவிடும். கடலோரம் காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் என்றால் கீல், திருகாணி எல்லாம் துருப்பிடிக்காத எவர்சில்வரில் கேளுங்கள். ஆசாரி வீட்டுக்கு வந்து ஒருமுறை அவர் டேப்பால் அளந்த பிறகே அறுக்கட்டும்.

பெட்டிக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். வீடு மாறும்போது கட்டிலும் பீரோவும் அதே அளவுதான், புது ஹாலையும் அதன் மாடிப்படியையும் மட்டும் அளந்தால் போதும். முன்பணம் கொடுக்கும் முன்பே, வீடு பார்க்கப் போன இடத்திலேயே அவற்றை நிறுத்திப் பார்த்துவிடலாம்.